கப்பலுக்குப் பங்கு போட்டவர்கள்

(கொழும்பு, வெள்ளவத்தையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தாம் தேடிய பொருளில் ஒரு பங்கைப் பொதுக் காரியத்துக்கு எழுதிவைத்த ஒருவரின் பெயரால் நாம் கூடியிருக்கிறோம். அதனால் தனி மனிதரும் வணிகரும் பொதுக் காரியத்துக்கு என்ன செய்ய முடியும் என்பதையே இன்று பேசுபொருளாக எடுத்துக்கொண்டேன். அதிலும், அது அரசாங்கத்தின் வேலை என்று நாம் ஒதுக்கிவைத்துவிட்ட ஒரு காரியத்தைப் பற்றிப் பேசப்போகிறேன்: அயல் நாடுகளோடு உறவு, இந்தப் பிராந்தியத்தின் பொருளாதார ஒத்துழைப்பு.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நாடுகளுக்கிடையிலான உடன்படிக்கைகளில் கையெழுத்திடுவது அரசுகள். அந்த உறவை நாள்தோறும் நடத்துகிறவர்கள் கடைக்காரர்கள், கப்பற்காரர்கள், கடற்றொழிலாளர்கள், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் பிள்ளைகள். இவர்களின் குரலுக்குச் செவி கொடுத்து எழுதியவை நிலைத்தன. இவர்களைக் கேளாமல் எழுதியவை துன்பம் தந்தன, அல்லது முடங்கின. பேச்சுவார்த்தையில் இடம் கேட்கும் உரிமை இவர்களுக்கு உண்டு. அந்த இடத்துக்குத் தகுதியாக நடந்துகொள்ளும் கடமையும் உண்டு.

இதைப் பேச வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் பொருத்தமான இடங்கள். காலி வீதியின் புடவைக் கடைகளுக்குச் சரக்கு சென்னையிலிருந்தும் சூரத்திலிருந்தும் வருகிறது. கொட்டாஞ்சேனையில் துறைமுகத்தை நம்பி வாழும் குடும்பங்கள் பல: சுங்கத்தில் சரக்கை விடுவிக்கும் கிளியரிங் ஏஜெண்டுகள், வார்ஃப் கிளார்க்குகள், மாலுமிகள். பிராந்திய ஒத்துழைப்பு எங்களுக்கு மாநாட்டு மண்டபத்துச் சொல்லாக வந்ததில்லை. அது எங்கள் வீட்டு அடுப்போடு சேர்ந்தது.

கல்லில் எழுதிய உறுதி

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு பொறிப்பித்தது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதைப் படித்து வெளியிட்டார். பரதேசிகள், அதாவது வெளிநாட்டு வணிகர், ஊராத்துறைக்கு, இன்று நாம் ஊர்காவற்றுறை என்னும் இடத்துக்கு, வந்து தங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று அது சொல்கிறது. அடுத்து, கப்பல் உடைந்துபோனால் என்ன செய்வது என்று விதிக்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிபச் சரக்கு ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் சரிபாதி.

இந்த விதியின் அறிவைக் கவனியுங்கள். கரையொதுங்கிய சரக்கு முழுவதையும் அள்ளிக்கொள்ள ஓர் அரசனுக்கு அதிகாரம் இருந்தது. அப்படிச் செய்தால் அடுத்த ஆண்டு கப்பல் வராது. யானையும் குதிரையும் படைக்கு வேண்டியவை. அவற்றைக் கொண்டுவருகிறவனுக்குக் கூடுதல் சலுகை. விதியை வணிகருக்கு விளங்கும் மொழியிலேயே வெட்டிவைத்தார்கள். கடலோடியின் அச்சம் என்ன என்று கேட்டறிந்துதான் இந்த விதியை எழுதியிருக்க முடியும் என்பது என் துணிபு.

இன்னொரு கல் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. 1409 என்று ஆண்டு குறித்த அந்தக் கல்லைச் சீனத்துக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்தார். சீனம், பாரசீகம், தமிழ் என மூன்று மொழிகளில் அது பேசுகிறது. சீன மொழியில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும், தமிழில் தேவேந்திரமுனையில் கோவில் கொண்ட தென்வரை நாயனாருக்கும் காணிக்கை சொல்லப்படுகிறது. பேரரசு ஒன்று இந்தத் தீவுக்கு வந்தபோது, யாரை மதித்தால் இங்கே உறவு நிலைக்கும் என்று கணக்கிட்டது. இந்தக் கடலில் வணிகம் செய்த சமூகங்களின் மொழியையும் தெய்வத்தையும் அது மதித்தது. மாணவர்கள் ஒருமுறையாவது போய் அந்தக் கல்லின் முன் நிற்கவேண்டும்.

செட்டியார் தெரு

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வருவோம். கோப்பித் தோட்டம், பிறகு தேயிலைத் தோட்டம், அவற்றுக்குத் தமிழகத்திலிருந்து தொழிலாளர், அவர்களுக்கு இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் அரிசி. இந்தப் பொருளாதாரத்தின் உள்நாட்டுக் கடன் பெரும்பாலும் புறக்கோட்டைச் செட்டியார் தெருவில் நடந்தது. பிரித்தானிய வங்கிகள் உள்ளூர் வியாபாரிக்கு நேரே கடன் கொடுப்பது அரிது. வங்கி நாட்டுக்கோட்டைச் செட்டியாருக்குக் கொடுக்கும். செட்டியார் சிங்கள, முஸ்லிம், தமிழ் வியாபாரிக்கும் நிலவுடைமையாளருக்கும் கொடுப்பார். காரைக்குடிப் பக்கத்து முதலாளியின் ஏஜெண்டு கொழும்பில் கணக்கு நடத்துவார். தவணை முடிந்ததும் ஊர் திரும்புவார், வேறொருவர் வருவார். ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், சைகோன், கொழும்பு என்று வங்காள விரிகுடாவைச் சுற்றி ஒரே கணக்குமுறை. ரங்கூனில் இந்தச் செட்டியார்கள் தங்கள் கோவிலில் கூடி நடப்பு வட்டியை முடிவுசெய்தார்கள். இத்தனை துறைமுகங்களை இணைத்த அந்தப் பணவலையில் அரசாங்கத்தின் கை இல்லை. தனியார் நம்பிக்கைதான் இருந்தது.

அதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். வட்டி கடுமையாக இருந்தது. கடன் தீர்க்க முடியாமல் தென்னந்தோட்டம் இழந்த குடும்பங்கள் பல. 1925இல் செட்டியார் கடனில் நெருக்கடி வந்தது. வங்கிகள் கையை இழுத்துக்கொண்டன. செட்டியாரிடம் வாங்கிய சிறு வியாபாரிகள் தவித்தார்கள். பின்னால் உலகப் பெருமந்தம். முழுக் கடன் ஏற்பாடும் ஒரு சமூகத்தின் தோளில் நின்றதால், அந்தத் தோள் தளர்ந்தபோது நாடே ஆட்டங்கண்டது.

அதற்கு மருந்து தேட 1934இல் இலங்கை வங்கித்தொழில் ஆணைக்குழு அமைந்தது. அதற்குத் தலைமை தாங்க அழைக்கப்பட்டவர் பம்பாய்ப் பார்சி வங்கியாளர் சேர் சொராப்ஜி பொச்கானவாலா. இந்தியரே உரிமை கொண்டு இந்தியரே நடத்தும் வங்கியாக 1911இல் சென்ட்ரல் பேங்க் ஒஃப் இந்தியாவை நிறுவியவர். அந்த ஆணைக்குழுவின் அறிக்கை இந்த நாட்டுக்குச் சொந்தமான ஒரு வங்கியின் தேவையை எடுத்துரைத்தது. 1939 ஆகஸ்ட் 1ஆம் திகதி இலங்கை வங்கி திறக்கப்பட்டது. அயல்நாட்டுத் தனியார் வங்கியாளர் ஒருவர் தம் அனுபவத்தை இந்த நாட்டின் நிறுவனம் ஒன்று பிறப்பதற்குக் கொடுத்தார். பொச்கானவாலா 1937இலேயே மறைந்துவிட்டார். திறப்பு நாளை அவர் காணவில்லை. இலங்கை வங்கியில் கணக்கு வைத்திருக்கும் நம் எல்லோருக்கும் அவர் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

25 ரூபாய்ப் பங்கு

இந்தச் சொற்பொழிவின் நடுவே நான் நிறுத்த விரும்பும் முயற்சி தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நடந்தது.

வக்கீல் வ. உ. சிதம்பரம்பிள்ளையைக் கப்பலோட்டிய தமிழர் என்று எல்லோரும் அறிவோம். அவர் கப்பல் எங்கே ஓடியது என்று கேட்டால் நம் பிள்ளைகளில் பலர் தயங்குவார்கள். அது ஓடியது நம் துறைமுகத்துக்கு. அந்தக் கடல்வழி பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. பயணிக்கும் சரக்குக்கும் அவர்கள் வைத்ததே கட்டணம். 1906 ஒக்டோபரில் வ. உ. சி. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவுசெய்தார். மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைமை ஏற்றவர் மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். தமிழ்ச் சங்கம் வைத்தவரே கப்பல் கம்பெனிக்கும் தலைவரானார் என்பதைத் தமிழ் வளர்க்கும் செல்வர்கள் நினைவில் வைக்கவேண்டும்.

யார் பங்கு வாங்கலாம் என்பதற்கு அந்தக் கம்பெனி வைத்த விதி எனக்குப் பெரிதாகப் படுகிறது. இந்தியர், இலங்கையர், ஆசியாவின் பிற மக்கள் வாங்கலாம். சுதேசம் என்று முழங்கிய இயக்கத்தின் கம்பெனி அது. ஆனாலும் பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கத்தில் இருந்தவரையும் அது பங்காளியாக எண்ணியது. சார்க் அமைப்பு 1985இல் பிறந்தது, பிம்ஸ்டெக் 1997இல். கொழும்புத் திட்டத்துக்கு வித்திட்ட பொதுநலவாய மாநாடு இந்த நகரில் 1950இல் கூடியது. இவை எல்லாவற்றுக்கும் முன்பே ஒரு வக்கீலும் ஒரு ஜமீன்தாரும் தூத்துக்குடி வணிகரும் சேர்ந்து, பிராந்திய ஒத்துழைப்பை 25 ரூபாய்ப் பங்குப் பத்திரமாக அச்சிட்டார்கள்.

தொடக்கத்தில் சொந்தக் கப்பல் இல்லை. வாடகைக்கு எடுத்த கப்பல்களை, எதிர்க் கம்பெனியின் நெருக்குதலால், உரிமையாளர் திருப்பிக்கொண்டார்கள். அப்போது கொழும்பிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்து ஓட்டினார்கள். பிறகு காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் சொந்தமாக வந்தன. பிரித்தானியக் கம்பெனி பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. பிரித்தானியக் கம்பெனி இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது. விலைப்போர் மட்டும் என்றால் தாக்குப்பிடித்திருக்கலாம். 1908 மார்ச்சில் வ. உ. சி. கைதானார். இராஜத் துரோக வழக்கு, கொடுந்தண்டனை. 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 கடைசியில் அவர் வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, கம்பெனியும் இல்லை.

இதிலிருந்து இரண்டைக் கற்கிறேன். சாதாரண மக்கள் 25 ரூபாய் போட்டுச் சேர்ந்தால் கடல்வழியையே திறக்கலாம். ஆனால் அரசு பகையாக நிற்குமானால் அந்த வழி நீடிக்காது. குடிமக்கள் முன்கை எடுக்கவேண்டும். அரசு அதைத் தாங்கவேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் கப்பல் நின்றுவிடும்.

பின்னர் நடந்ததும் இதையே காட்டுகிறது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் சென்னையிலிருந்து தனுஷ்கோடிவரை ரயில், தலைமன்னாருக்குக் கப்பல், அங்கிருந்து கொழும்புக்கு ரயில் என்று ஒரே பயணமாயிற்று. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இராமேஸ்வரத்திலிருந்து தொடர்ந்த கப்பலும் உள்நாட்டுப் போர்க்காலத்தில் நின்றது. 2011இல் தூத்துக்குடி – கொழும்புப் பயணிகள் கப்பல் தொடங்கி ஐந்து மாதத்தில் நின்றது. 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி நாகபட்டினம் – காங்கேசன்துறைச் சேவை தொடங்கிச் சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் தனியார் நிறுவனம் ஒன்றின் சிவகங்கை கப்பலோடு மீண்டும் தொடங்கியது. திறப்பு விழாவை அரசுகள் நடத்திவிடும். ஆறாவது மாதமும் கப்பல் ஓடுவதற்குப் பயணியும் சரக்கும் சேர்த்துக் கொடுக்கும் வணிகர் கூட்டம் ஒன்று இரு கரையிலும் வேண்டும்.

கேட்கப்படாதவர்கள்

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை கையெழுத்தானது. இந்திய வம்சாவளியினர் 975,000 பேரின் தலைவிதி அதில் பேசப்பட்டது. 525,000 பேரை இந்தியா ஏற்கும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மிகுதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று முடிவு. அந்த 150,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். தேயிலைக் கொழுந்து பறித்து இந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டிக் கொடுத்த மக்களை, அவர்களின் தொழிற்சங்கங்களை, அந்தப் பேச்சில் கேட்கவில்லை. இரு நாட்டு நல்லுறவின் பெயரால் குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. அந்தப் புண் சட்டத்தில் ஆறுவதற்கு 2003ஆம் ஆண்டின் குடியுரிமை வழங்கும் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இராஜதந்திரம் மக்களை எண்ணிக்கையாக மட்டும் பார்த்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று எங்கள் பிராந்தியத்தில் குறைவு.

1983 ஜூலையில் தமிழர்மீது நடந்த வன்முறையை இந்த வெள்ளவத்தையில் நின்று சொல்லாமல் கடக்க முடியாது. உயிர்ப்பலியே முதல் இழப்பு, அதற்கு ஈடில்லை. அதோடு எரிந்தவற்றுள் கணக்குப் புத்தகங்களும் இருந்தன. தலைமுறை தலைமுறையாகச் சரக்கு அனுப்பியவரோடும் வாங்கியவரோடும் இருந்த பற்றுவரவு, கடிதம், முகவரி, வாய்ச்சொல் நம்பிக்கை எல்லாம் புறக்கோட்டையிலும் இங்கேயும் கருகின. உள்நாட்டில் தன் குடிமகனைக் காக்காத நாடு அயல்நாட்டு உறவையும் சேர்த்தே இழக்கிறது. அந்த இழப்பின் விலையைச் சிங்கள நுகர்வோரும் கொடுத்தார்கள், நாடு முழுவதும் கொடுத்தது.

உடன்படிக்கையும் கடையும்

1998 டிசம்பர் 28ஆம் திகதி இந்திய – இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கை கையெழுத்தானது. 2000 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே இந்தியாவுக்கான நம் ஏற்றுமதி பல மடங்காயிற்று. இது பெரும் பேறு. ஆனால் நுணுக்கத்தில் பாருங்கள். தேயிலைக்கு ஆண்டுக்கு 15 மில்லியன் கிலோ, ஆடைக்கு 8 மில்லியன் உருப்படி என்று சலுகைக்கு வரம்பு இருந்தது. சில பொருள்களைக் குறித்த சில துறைமுகங்கள் வழியாகத்தான் கொண்டுசெல்லலாம் என்ற கட்டுப்பாடும் முதலில் இருந்தது. பெரிய நிறுவனத்துக்குச் சட்டத்தரணி உண்டு, அலுவலர் உண்டு. இவற்றை அது சமாளிக்கும். மிளகும் கறுவாவும் ஏற்றும் சிறு வியாபாரிக்கு இந்தப் படிவங்களே மலை.

வணிகர் தரப்பின் தவறையும் மறைக்கக்கூடாது. இலங்கையில் 35 சதவீதம் பெறுமதி சேர்த்தால் அந்தப் பொருள் தீர்வையின்றி இந்தியா போகலாம் என்பது பொது விதி. பாமாயிலுக்கு இந்தியாவில் தீர்வை அதிகம், இங்கே குறைவு. சிலர், அவர்களில் இந்திய முதலீட்டாளரும் அடங்குவர், பாமாயிலை இங்கே இறக்கி, வனஸ்பதியாக்கி, இந்தியாவுக்கு ஏற்றினார்கள். செப்பிலும் இதுபோல நடந்தது. ஒரு கட்டத்தில் நம் ஏற்றுமதிப் பெருக்கத்தின் பெரும்பகுதி இவ்விரண்டுமாக இருந்தது. இந்திய உற்பத்தியாளர் கொதித்தார்கள், இந்தியா வரம்பு போட்டது, ஆலைகள் மூடின. சட்டத்தின் எழுத்தை மீறாமலே அதன் நோக்கத்தை மீறலாம் என்று எண்ணியவர்களால், நேர்மையாகப் பொருள் செய்தவர்களும் சந்தேகத்துக்கு ஆளானார்கள். உடன்படிக்கையைத் தாங்குவது வணிகர் நேர்மை என்று நான் சொல்வது இதனால்தான்.

அதன் பின் எட்கா என்னும் புதிய பொருளாதார, தொழில்நுட்ப உடன்படிக்கைக்கான பேச்சு 2016இல் தொடங்கி, நின்று, 2023இல் மீண்டும் தொடங்கியது. துறைமுகத்திலும் அப்படித்தான். கிழக்குக் கொள்கலன் முனையத்தை இந்தியாவோடும் ஜப்பானோடும் சேர்ந்து மேம்படுத்த 2019இல் எழுதிய இணக்கம், தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் 2021 தொடக்கத்தில் கைவிடப்பட்டது. அதே ஆண்டு மேற்கு முனையத்துக்கு அதானி குழுமம் 51, ஜோன் கீல்ஸ் 34, துறைமுக அதிகார சபை 15 சதவீதம் என்று வேறோர் ஒப்பந்தம் வந்தது. 2025இல் அந்த முனையம் இயங்கத் தொடங்கியது. கொழும்பில் இறங்கி வேறு கப்பலில் ஏறிப்போகும் கொள்கலன்களில் பெரும்பங்கு இந்தியாவுக்குரியது. இப்போது கேரளத்தின் விழிஞ்ஞமும் திறந்துவிட்டது. கொட்டாஞ்சேனைக் குடும்பங்களின் நாளைய சோறு இந்த முடிவுகளில் இருக்கிறது. துறைமுகத் தொழிலாளருக்கும் அப்பகுதி மக்களுக்கும் முன்கூட்டியே விளக்கிச் சொல்லி, அவர்களைக் கேட்டு முடிவெடுத்தால், ஒப்பந்தம் எழுதிக் கிழிக்கும் அவமானம் நாட்டுக்கு வராது.

2022 கற்றுத்தந்தது

2022இல் டொலர் இல்லை. இறக்குமதிக்கு வங்கிகளில் எல்.சி. என்னும் நாணயக் கடிதம் திறக்க முடியவில்லை. உணவுக் கொள்கலன்கள் துறைமுகத்தில் தேங்கின. நான்காம் குறுக்குத் தெருவிலும் பழைய சோனகத் தெருவிலும் பருப்பு, சீனி, வெங்காயம், மிளகாய் வியாபாரம் செய்தவர்கள், சரக்கை முதலில் அனுப்புங்கள், பணத்தைப் பிறகு தருகிறோம் என்று அயல்நாட்டு வியாபாரிகளைக் கேட்டார்கள். அவர்களிற் பலர் அனுப்பினார்கள். அரசின் கையெழுத்துக்கு மதிப்பில்லாது போன நாளில் புறக்கோட்டை வியாபாரியின் சொல்லுக்கு மதிப்பிருந்தது. அவர்கள் தமிழர், சிங்களவர், சோனகர், மேமன், போரா, சிந்தி எனப் பல சமூகத்தவர். நாடு பட்டினியின் விளிம்பில் நின்றபோது தாங்கிய தூண்களுள் இந்த நம்பிக்கையும் ஒன்று.

அதே ஆண்டு மே 18ஆம் திகதி சென்னைத் துறைமுகத்திலிருந்து 9,000 மெற்றிக் தொன் அரிசி, 200 மெற்றிக் தொன் பால்மா, மருந்துகளோடு கப்பல் புறப்பட்டது. தமிழக அரசு அறிவித்த மொத்தம் 40,000 தொன் அரிசியும் 500 தொன் பால்மாவும். முதலமைச்சர் மக்களிடம் நன்கொடை கேட்டார். தனி மனிதரும் நிறுவனங்களும் கொடுத்தார்கள். அந்த அரிசி இனம் பார்க்காமல் இலங்கை மக்கள் எல்லோருக்கும் வந்தது. இந்திய மத்திய அரசின் உதவி ஏறக்குறைய 4 பில்லியன் டொலர். அளவில் அது எத்தனையோ மடங்கு பெரிது. ஆனாலும் ஊரும் பெயரும் தெரியாதவர்கள் தம் சம்பளத்திலிருந்து கொடுத்த காசு அந்த அரிசியில் இருந்தது. அந்த நன்றியை நாம் பாதுகாக்க வேண்டும்.

வெளிநாட்டில் உழைப்பவர் அனுப்பும் பணத்தையும் இங்கே சொல்லவேண்டும். வங்கிகள் வழியே 2020இல் 7.1 பில்லியன் டொலர் வந்தது, 2022இல் 3.8 பில்லியனாகச் சுருங்கியது. அனுப்பியவர்கள் குடும்பத்தை மறந்துவிடவில்லை. வங்கியில் டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாய் என்று செயற்கையாக விலையைக் கட்டிவைத்தபோது பணம் வங்கிக்கு வெளியே நடக்கும் உண்டியல் முறைக்குத் திரும்பியது. அதனால் மருந்து வாங்க அரசிடம் டொலர் இல்லாமற்போயிற்று. மாற்று விலை சீரானபின் 2023இல் 6 பில்லியனை நெருங்கியது. அரசு நியாயமாக நடந்தால் மக்கள் திரும்பி வருவார்கள் என்பதை அந்த எண் சொல்கிறது. வங்கி வழியே அனுப்பும் ஒவ்வொரு டொலரும் ஒரு நோயாளிக்கு மருந்தாகிறது என்பதை நாமும் நம் உறவினருக்குச் சொல்லவேண்டும்.

கடலில் ஒரு மேசை

குடிமக்களே இராஜதந்திரம் செய்யலாமா என்று கேட்பவர்களுக்குக் கடற்றொழிலாளரைக் காட்டுவேன். 2004இல் தமிழகக் கடற்றொழிலாளர் குழு ஒன்று இலங்கைக்கு வந்து நம் கடற்றொழிலாளரோடு நேருக்கு நேர் பேசியது. 2014 ஜனவரியில் சென்னையிலும் மே மாதம் கொழும்பிலும் 2015 மார்ச்சில் மீண்டும் சென்னையிலும் இரு தரப்பும் கூடின. இலங்கைக் கடலில் ஆண்டுக்கு 83 நாள் வீதம் மூன்று ஆண்டு மீன்பிடிக்க அனுமதி வேண்டும் என்று தமிழகத் தரப்பினர் கேட்டார்கள். வடக்கின் கடற்றொழிலாளரால் அதற்கு இணங்க முடியவில்லை. போரால் கடலை இழந்து, மீண்டும் வலை வாங்கி வந்தவர்கள் அவர்கள். தமிழகப் படகுகள் கடலடியை வார இழுத்துவரும் இழுவைமடி வலை ஒருமுறை வந்துபோனால் அவர்களின் வலையும் போகும், கடலடி வளமும் போகும். 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. கைதும் சிறையும் படகு பறிமுதலும் உயிரிழப்பும் தொடர்கின்றன.

பேச்சு தோற்றுவிட்டது என்று நான் கொள்ளவில்லை. எதிராளியின் வறுமையை நேரில் கண்டவர்கள் அந்த மேசையில்தான் இருந்தார்கள். அந்தப் பேச்சுக்குப் பின்னால் பணம் இல்லை என்பதே குறை. 2017இல் இந்தியா பாக்கு நீரிணை இழுவைப் படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடல் படகு கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அப்போது ஒரு படகின் விலை 80 இலட்சம் இந்திய ரூபாய். 70 சதவீதம் மானியம், 20 சதவீதம் வங்கிக் கடன், 10 சதவீதம் பயனாளியுடையது. 2,000 படகு என்பது இலக்கு, அதை எட்டவில்லை. அந்தப் பத்தும் இருபதும் ஒரு மீனவக் குடும்பத்துக்குப் பெருந்தொகை. இரு கரையிலும் வணிகம் செய்து பொருள் சேர்த்தவர்கள் இந்த இடைவெளியை நிரப்ப ஒரு நிதி தொடங்க முடியாதா? மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அறுந்த வலைக்கு ஈடு கொடுக்க அதே நிதியில் ஒரு பங்கு ஒதுக்க முடியாதா? தனியார் பணம் இரு நாட்டுப் பகையைத் தீர்க்க உதவக்கூடிய இடம் இதைவிட வேறில்லை.

நம் கையில் உள்ளவை

முடிவாக நான்கு காரியங்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, சிறு வணிகர் குரல். இலங்கை வர்த்தக சம்மேளனம் 1839இலிருந்து இருக்கிறது. பெரிய நிறுவனங்களின் கருத்து அரசுக்குப் போகிறது. வெள்ளவத்தைப் புடவைக் கடையும் கொட்டாஞ்சேனைக் கிளியரிங் ஏஜெண்டும் சந்திக்கும் தடைகளை யாரும் எழுதி வைப்பதில்லை. எந்தப் பொருள் எந்தச் சுங்கத்தில் எத்தனை நாள் நின்றது, எந்தப் பரிசோதனைக்கு எவ்வளவு செலவு என்று தமிழிலும் சிங்களத்திலும் பதிவேடு வைப்போம். எட்கா பேசும் அலுவலர் முன் முறைப்பாட்டோடு போவதைவிட, தேதியும் தொகையும் உள்ள பதிவோடு போனால் கேட்பார்கள்.

இரண்டாவது, நேர்மைக்கு ஓர் உறுதிமொழி. உற்பத்தி நாட்டைப் பொய்யாகக் காட்டுவதில்லை, விலைப்பட்டியலில் கூட்டிக் குறைப்பதில்லை, உடன்படிக்கையின் ஓட்டையில் பிழைப்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் தாமே விதித்துக்கொள்ள வேண்டும். மீறியவரைச் சங்கமே விலக்கவேண்டும்.

மூன்றாவது, நான் முன்னர் சொன்ன பாக்கு நீரிணை நிதி. கொழும்பிலும் சென்னையிலும் புலம்பெயர் நாடுகளிலும் உள்ள தமிழ் வணிகர் தொடங்கலாம். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் கையில் அதன் நிர்வாகம் இருக்கவேண்டும்.

நான்காவது, இதை நாட்டின் காரியமாக நடத்துவது. இந்தியாவோடு உறவு தமிழருக்கு மட்டும் இலாபம் என்ற எண்ணம் தெற்கில் பரவினால் எந்த உடன்படிக்கையும் நிலைக்காது. புறக்கோட்டைச் சிங்கள வியாபாரியும் குருநாகல் தேங்காய் உற்பத்தியாளரும் மாத்தளை மிளகுத் தோட்டக்காரரும் நம்மோடு நிற்கவேண்டும். அதற்கு நம் பிள்ளைகள் சிங்களத்தில் பேரம் பேசவும் விளக்கம் சொல்லவும் வல்லவர்களாக வேண்டும். மூன்று மொழியிலும் ஒப்பந்தம் படிக்கத் தெரிந்த ஒரு தலைமுறை கொழும்பிலிருந்து எழுந்தால், டெல்லியும் டாக்காவும் பாங்கொக்கும் அவர்களைத் தேடி வரும்.

பெரியோர்களே, வ. உ. சி.யின் கம்பெனியில் பங்கு வாங்கியவர்கள் ஆதாயம் பெறவில்லை. பணத்தை இழந்தார்கள். இருந்தும் அவர்கள் போட்ட 25 ரூபாய், இந்தக் கடலின் இரு கரை மக்களும் கூட்டாகத் தொழில் செய்ய முடியும் என்பதை நிறுவிக்காட்டியது. அன்று அந்நிய அரசு அதை முறித்தது. இன்று இரு நாட்டிலும் மக்கள் வாக்களித்து அமைத்த அரசுகள் இருக்கின்றன. தடுக்கும் அரசைக் கேள்வி கேட்கலாம், உதவும் அரசோடு கைகோக்கலாம். ஆகவே நமக்குச் சாக்கு இல்லை. நான் சொன்ன பதிவேட்டை வணிகர்களே இந்த மாதம் தொடங்குங்கள். மாணவர்கள் அதை எழுதித்தர முன்வாருங்கள். ஓராண்டுப் பதிவு கையில் இருந்தால், அடுத்த பேச்சுவார்த்தைக்கு நாம் கேட்காமலே அழைப்பு வரும்.